செவிலியர் கேட்கும் கேள்விகள்: பேறுகால உயிரிழப்பைத் தடுப்பதில் குடும்பத்தின் பங்கு

கருவுற்ற பெண் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், கிராம சுகாதார செவிலியரோ நகர்ப்புற சுகாதார செவிலியரோ உங்களிடம் பல கேள்விகளைக் கேட்பார். கடைசி மாதவிலக்கு எப்போது, முந்தைய பிரசவம் எப்படி நடந்தது, மாத்திரையைத் தவறாமல் உட்கொள்கிறாரா, தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்கிறாரா, எந்த ஊருக்கு, எந்த மாதத்தில் என்று அவை நீளும். சிலருக்கு இவை தேவையற்ற விசாரணையாகத் தோன்றலாம். ஆனால் இக்கேள்விகள் ஒவ்வொன்றின் பின்னும் தாய்மார்களின் உயிரிழப்பை ஆராய்ந்து பெற்ற பாடம் ஒன்று உள்ளது. அப்பாடங்களையும், மதுரை நகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் குடும்பங்கள் அவற்றை எவ்வாறு பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதையும் இப்பக்கம் விளக்குகிறது.

பேறுகால உயிரிழப்பு என்றால் என்ன?

கருவுற்றிருக்கும் காலத்திலோ, பிரசவத்தின்போதோ, கர்ப்பம் முடிவுற்ற 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பம் தொடர்பான காரணத்தால் அல்லது கர்ப்பத்தால் தீவிரமடைந்த நோயால் ஒரு பெண் இறப்பது பேறுகால உயிரிழப்பு எனப்படும். கருச்சிதைவுக்குப் பின் நேரும் இறப்பும் இதில் அடங்கும். விபத்தால் நேரும் இறப்பு இதில் சேராது.

ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு எத்தனை தாய்மார்கள் இறக்கின்றனர் என்பதே பேறுகால உயிரிழப்பு விகிதம். இந்திய மாதிரிப் பதிவு முறையின்படி 2004–06ஆம் ஆண்டுகளில் இவ்விகிதம் இந்தியாவில் 254 ஆகவும், தமிழ்நாட்டில் 111 ஆகவும் இருந்தது. 2018–20இல் இந்தியாவில் 97 ஆகவும், தமிழ்நாட்டில் 54 ஆகவும் குறைந்தது. அதே காலத்தில் கேரளத்தின் விகிதம் 19. முன்னேற்றம் பெரிது, எனினும் அண்டை மாநிலத்தில் காப்பாற்ற முடிந்த உயிர்களை இங்கும் காப்பாற்ற முடியும் என்பதையே இந்த வேறுபாடு உணர்த்துகிறது.

மருத்துவமனையில் பிரசவம் நடந்தால் மட்டும் போதுமா?

2019–21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாம் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நடைபெறுகின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்கள் 24 மணி நேரமும் செவிலியர்களுடன் இயங்கத் தொடங்கியது இம்மாற்றத்திற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. ஆனால் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடந்தும் சில தாய்மார்கள் ஏன் இறக்கின்றனர்? அவ்வாறு இறப்பவர்களில் ஏழைப் பெண்களும், தொலைவான ஊர்களில் வாழ்பவர்களும், வேலைக்காக இடம்பெயர்பவர்களும் கூடுதல் ஆபத்தில் இருப்பது ஏன்?

இதனையொத்த கேள்வியை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் செவிலியரே. நவீன செவிலியர் பணிக்கு அடித்தளமிட்ட ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் லண்டன் மருத்துவமனை ஒன்றில் மகப்பேற்றுச் செவிலியர்களுக்கான பயிற்சிப் பிரிவை ஏற்படுத்தினார். அங்குப் பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் இறந்ததை அடுத்து அப்பிரிவு மூடப்பட்டது. அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. பல மகப்பேறு நிலையங்களின் இறப்புக் கணக்குகளைத் திரட்டி ஒப்பிட்டு, 1871இல் நூலாக வெளியிட்டார். அக்காலத்தில் பெரிய மகப்பேறு நிலையங்களில் பிரசவித்த பெண்கள், தம் வீட்டில் பிரசவித்தவர்களைவிட அதிகமாக இறந்தனர் என்பதை அது காட்டியது.

இன்று நிலைமை நேர்மாறானது. தூய்மையான கைகள், கிருமி நீக்கிய கருவிகள், உதிரப்போக்கைக் கட்டுப்படுத்தும் மருந்துகள், இரத்தம், அறுவை சிகிச்சை ஆகியவை கிடைக்கும் மருத்துவமனையே பாதுகாப்பான இடம். வீட்டில் பிரசவம் பார்ப்பது ஆபத்தானது. எனினும் அந்த ஆய்வின் பாடம் இன்றும் பொருந்தும். பிரசவம் எங்கே நடக்கிறது என்பதோடு, அங்குப் பெண் எந்த உடல்நிலையில், எந்த நேரத்தில் வந்து சேர்கிறார், வந்தபின் என்ன கிடைக்கிறது, வீடு திரும்பியபின் யார் கவனிக்கின்றனர் என்பவையும் சேர்ந்தே அவரது உயிரைக் காக்கின்றன.

ஒரே அளவு உதிரப்போக்கு, இரு வேறு முடிவுகள்

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பாருங்கள். இது விளக்கத்திற்காக அமைத்த கற்பனை நிகழ்வு. ஒரே நாளில், ஒரே பிரசவ அறையில் இரு பெண்கள் குழந்தை பெறுகின்றனர். இருவருக்கும் ஒரே அளவு உதிரம் வெளியேறுகிறது. ஒருவரின் ஹீமோகுளோபின் அளவு 11.5 கிராம். அவர் சோர்வடைகிறார், சிகிச்சையால் தேறுகிறார். மற்றொருவரின் அளவு 7 கிராம். அவர் விரைவில் மயக்கநிலைக்குச் செல்கிறார். இரத்தம் ஏற்றுவதற்குள் உயிருக்குப் போராடுகிறார்.

அன்று மருத்துவமனை இருவரையும் ஒரே விதமாகவே நடத்தியது. ஆயினும் முடிவு வேறுபட்டது. ஏன் என்று செவிலியர் ஒருவர் இரண்டாம் பெண்ணின் வீட்டில் கேட்கத் தொடங்கினால் விடைகள் இவ்வாறு அமையக்கூடும்:

• உதிரப்போக்கை அவரால் ஏன் தாங்க முடியவில்லை? இரத்தசோகை இருந்தது.
• இரத்தசோகை ஏன் சரியாகவில்லை? இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டார்.
• ஏன் நிறுத்தினார்? மலம் கறுப்பாகப் போனதால் பயந்தார். அது இயல்பானதே என்று எவரும் சொல்லவில்லை.
• ஏன் எவரும் சொல்லவில்லை? ஆறாம் மாதத்தில்தான் கர்ப்பத்தைப் பதிவு செய்தார்.
• ஏன் அவ்வளவு தாமதம்? குடும்பம் வெளியூரில் செங்கல் சூளையில் வேலை செய்தது. ஒரு நாள் பரிசோதனைக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போய்விடும்.

மருத்துவச் சான்றிதழில் எழுதப்படும் காரணம் உதிரப்போக்கு. அதற்குப் பின்னால் கூலியும், தொலைவும், சொல்லப்படாத ஒரு தகவலும் உள்ளன. நலவாழ்வு ஏற்றத்தாழ்வு என்பது இதுவே. வறுமை, சாதி, கல்வி, தொலைவு, வயது, குடும்பத்தில் பெண்ணுக்குள்ள மதிப்பு ஆகியவை ஒருவரின் உடல்நிலையில் ஏற்படுத்தும் தவிர்க்கக்கூடிய வேறுபாடு அது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுள் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாம் தேசிய குடும்ப நல ஆய்வு கூறுகிறது. எனவே மேற்கண்ட இரண்டாம் பெண் அரிதானவர் அல்லர்.

உயிரிழப்புக்குப் பின் செவிலியர் வீட்டிற்கு வருவது ஏன்?

தமிழ்நாட்டில் 1990களிலிருந்தே ஒவ்வொரு பேறுகால உயிரிழப்பும் ஆய்வு செய்யப்படுகிறது. 2010இல் இதற்கான தேசிய வழிகாட்டுதல்கள் வெளியிடப்பட்டன. மருத்துவமனையில் உள்ள குறிப்புகள் ஆராயப்படுவதோடு, இறந்தவரின் வீட்டிற்கும் சுகாதாரப் பணியாளர்கள் செல்கின்றனர். முதல் அறிகுறி எப்போது தோன்றியது, யார் கவனித்தார், எப்போது புறப்பட்டனர், எந்த வாகனத்தில், எத்தனை மருத்துவமனைகளுக்கு, ஒவ்வோரிடத்திலும் என்ன நடந்தது என்று குடும்பத்தினரின் சொற்களிலேயே கேட்டுப் பதிவு செய்கின்றனர். பின்னர் இவை மாவட்ட அளவில் பரிசீலிக்கப்படுகின்றன.

துயரத்தில் இருக்கும் குடும்பத்திற்கு இக்கேள்விகள் வேதனை தரக்கூடும். இந்த ஆய்வு எவரையும் தண்டிப்பதற்காக நடத்தப்படுவதன்று. உங்கள் மீது பழி சுமத்துவதற்காகவும் அன்று. நீங்கள் கூறும் உண்மை மறைத்து வைக்கப்படும். அதிலிருந்து பெறும் பாடம் அடுத்த தாயைக் காக்கும். மருத்துவமனையில் நேர்ந்த குறையையும் தயங்காமல் கூறுங்கள். மருத்துவக் குறிப்பேட்டில் இல்லாத செய்திகளை நீங்கள் மட்டுமே சொல்ல முடியும்.

மூன்று தாமதங்கள்

உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1994இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பேறுகால உயிரிழப்புகளுக்கு இட்டுச்செல்லும் தாமதங்களை அவர்கள் மூன்றாகப் பிரித்தனர். இன்றும் உயிரிழப்பு ஆய்வுகளில் இம்முறையே பயன்படுகிறது. உங்கள் குடும்பத்திலும் இம்மூன்றைப் பற்றி முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

1. முடிவெடுப்பதில் தாமதம்

அறிகுறியை ஆபத்தானது என்று உணராமல் இருப்பது, ‘சூட்டு வலிதான், சரியாகிவிடும்’ என்று காத்திருப்பது, வெளியூரில் வேலை செய்யும் கணவர் வந்த பிறகு புறப்படலாம் என்று எண்ணுவது, நல்ல நேரம் பார்ப்பது ஆகியவை இதில் அடங்கும். கர்ப்பிணிப் பெண் தனக்கு ஏதோ சரியில்லை என்று சொன்னபின்னும், மூத்தோர் ஒப்புதலுக்காக மணிக்கணக்கில் காத்திருக்கும் வீடுகள் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது: ஆபத்து அறிகுறி தோன்றினால் எவர் அனுமதியும் தேவையில்லை என்பதை ஏழாம் மாதத்திற்குள் குடும்பத்தினர் அனைவரும் பேசி ஒப்புக்கொள்ளுங்கள். இரவில் உடன் செல்பவர் யார், மற்ற குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் யார், ஆடு மாடுகளைக் கவனிப்பவர் யார் என்பதையும் முடிவு செய்யுங்கள். சிறியவையாகத் தோன்றும் இக்காரணங்களாலேயே புறப்படுவது தள்ளிப்போகிறது.

2. சென்றடைவதில் தாமதம்

உசிலம்பட்டி மதுரையிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது. சேடப்பட்டி, பேரையூர், கொட்டாம்பட்டி போன்ற பகுதிகளின் உட்கிராமங்களிலிருந்து முதன்மைச் சாலையை அடையவே நேரமாகும். தொலைவைவிட முக்கியமானது, எங்குச் செல்வது என்ற தெளிவு. அறுவை சிகிச்சையும் இரத்தம் ஏற்றும் வசதியும் தேவைப்படும் பெண்ணை, அவ்வசதி இல்லாத இடத்திற்கு முதலில் கொண்டு செல்வதால் பொன்னான நேரம் வீணாகும்.

நீங்கள் செய்ய வேண்டியது: உங்களுக்கு ஏற்ற மருத்துவமனை எது என்பதை எட்டாம் மாதத்திலேயே செவிலியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிக்கலற்ற பிரசவத்திற்கு ஆரம்ப சுகாதார நிலையம் போதும். முந்தைய அறுவைப் பிரசவம், இரட்டைக் குழந்தை, உயர் இரத்த அழுத்தம், கடுமையான இரத்தசோகை, இதய நோய் போன்றவை இருந்தால் ‘சீமாங்’ எனப்படும் அவசரகால மகப்பேறு மற்றும் பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம் உள்ள மருத்துவமனை தேவை. மதுரை அரசு இராசாசி மருத்துவமனை இம்மண்டலத்தின் முதன்மை உயர்சிகிச்சை மருத்துவமனையாகும். ஆபத்து மிகுந்தவர் என்று செவிலியர் தெரிவித்தால், குறித்த தேதிக்கு முன்பே மருத்துவமனையில் சேர்வது பற்றிக் கேளுங்கள். அவசரத்தில் 108 எண்ணை அழையுங்கள். அவசர ஊர்தி சேவை கட்டணமற்றது.

3. சிகிச்சை கிடைப்பதில் தாமதம்

மருத்துவமனையை அடைந்த பின்னும் மருத்துவர், இரத்தம், அறுவை அரங்கு ஆகியவற்றுக்காகக் காத்திருக்க நேரலாம். நோயாளியின் முந்தைய விவரம் தெரியாததாலும் நேரம் கழியும். இதனைச் சரிசெய்வது முதன்மையாக மருத்துவமனைகளின் பொறுப்பு. எனினும் குடும்பம் உதவ முடியும்.

நீங்கள் செய்ய வேண்டியது: தாய்–சேய் நல அட்டை, 12 இலக்கப் பேறுகாலப் பதிவு எண், ஸ்கேன் மற்றும் இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் ஆகியவற்றை ஒரே பையில் வைத்திருங்கள். பெண்ணின் இரத்த வகையை அறிந்து, இரத்தம் கொடுக்கக்கூடிய இருவரின் தொலைபேசி எண்களைக் குறித்து வையுங்கள். வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டால், என்ன சிகிச்சை, என்ன மருந்து, எத்தனை மணிக்கு அளிக்கப்பட்டது என்று எழுதிய பரிந்துரைச் சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். அடுத்த மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் தெரிவிக்கும்படியும் வேண்டுங்கள்.

தாய்வீடு செல்லும் முன்

நம் பகுதியில் வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்திற்காகப் பெண் தாய்வீடு செல்வது வழக்கம். அன்பும் ஓய்வும் கிடைக்கும் நல்ல வழக்கமே அது. ஆனால் அதுவரை அவரைக் கவனித்த செவிலியர் ஓர் ஊரிலும், அவர் வேறோர் ஊரிலும் இருக்கும் நிலை அந்நேரத்தில் ஏற்படுகிறது. இரத்த அழுத்தம் உயரத் தொடங்கும் வாய்ப்புள்ள கடைசி மாதங்களில் பரிசோதனை விட்டுப்போகக்கூடும்.

எனவே புறப்படுமுன் உங்கள் ஊர்ச் செவிலியரிடம் தெரிவியுங்கள். சென்ற வாரத்திலேயே தாய்வீட்டு ஊரின் செவிலியரைச் சந்தித்து அட்டையைக் காட்டுங்கள். பதிவு எண் ஒன்றே போதும். மீண்டும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. வேலைக்காக வெளியூர் செல்லும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். எந்த ஊரில் இருந்தாலும் அங்குள்ள அரசு சுகாதார நிலையத்தில் பரிசோதனை பெற உங்களுக்கு உரிமை உண்டு.

கர்ப்ப காலத்தில் தவறவிடக் கூடாதவை

• பதிவு: மாதவிலக்கு தள்ளிப்போனதும், 12 வாரங்களுக்குள் பதிவு செய்யுங்கள். இந்த எண் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் தேவைப்படும்.

• பரிசோதனை: ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். பிரதம மந்திரி பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி மருத்துவர் பரிசோதனை இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீர் ஆகியவை பார்க்கப்பட்டனவா என்று அட்டையில் சரிபாருங்கள்.

• இரத்தசோகை: கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை, 7 கிராமுக்குக் குறைந்தால் கடுமையான இரத்தசோகை. நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஓர் இரும்புச்சத்து மாத்திரை வீதம் 180 நாட்களும், பிரசவத்திற்குப் பின் மேலும் 180 நாட்களும் உட்கொள்ள வேண்டும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. குமட்டல் இருந்தால் இரவு உணவுக்குப் பின் உட்கொள்ளலாம். தேநீர், காபியுடன் உட்கொள்ளக் கூடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் சேர்த்து உட்கொள்ளாதீர்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்தாமல் செவிலியரிடம் கூறுங்கள். தேவைப்படுவோருக்கு ஊசி வழியாக இரும்புச்சத்து செலுத்தப்படும்.

• உணவு: முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றுடன் நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு உட்கிரகிக்கப்படும். வீட்டில் எல்லோரும் உண்ட பின் எஞ்சியதைக் கர்ப்பிணி உண்ணும் வழக்கம் இருந்தால் அதை மாற்றுங்கள்.

• சர்க்கரை: கர்ப்ப காலச் சர்க்கரை நோய் அறிகுறியின்றி வரக்கூடும். குளுக்கோஸ் நீர் அருந்தியபின் செய்யப்படும் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

• இதயம்: மாடிப்படி ஏறினால் அளவுக்கு மீறி மூச்சிரைத்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ ‘கர்ப்பம் என்றால் அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். முன்பு கண்டறியப்படாத இதய நோய் கர்ப்ப காலத்தில் வெளிப்படலாம்.

உடனே 108ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

கர்ப்ப காலத்தில்:
• எந்த அளவிலேனும் உதிரப்போக்கு
• கடுமையான தலைவலி, கண் மங்குதல், முகம் வீங்குதல், மேல்வயிற்று வலி
• வலிப்பு அல்லது மயக்கம்
• குழந்தையின் அசைவு குறைதல் அல்லது நின்றுபோதல்
• மாதம் நிறையுமுன் பனிக்குடம் உடைதல்
• காய்ச்சலுடன் கூடிய வயிற்று வலி

பிரசவத்திற்குப் பின் 42 நாட்கள் வரை:
• ஒரு மணி நேரத்திற்குள் ஒரு பஞ்சுத்துணி முழுவதும் நனையும் அளவு உதிரப்போக்கு, பெரிய கட்டிகள் வெளியேறுதல்
• காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, தையலில் சீழ்
• கடுமையான தலைவலி, பார்வைக் குறைவு, வலிப்பு
• மார்பு வலி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்

உயர் இரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு பிரசவத்திற்குப் பின்னும் ஏற்படலாம். அதனைப் பேய், காற்று என்று எண்ணி மந்திரிக்கச் செல்வது உயிரைப் பறிக்கும்.

வீடு திரும்பியபின்

குழந்தை பிறந்ததும் உறவினர் கவனம் முழுவதும் குழந்தையிடம் சென்றுவிடுகிறது. ஆனால் பிரசவத்திற்குப் பிந்தைய முதல் 24 மணி நேரமும், தொடரும் வாரங்களும் தாய்க்கு ஆபத்து மிகுந்தவை. இயல்பான பிரசவமாயினும் குறைந்தது 48 மணி நேரம் மருத்துவமனையில் இருங்கள். வீட்டிற்குச் செவிலியர் வரும்போது குழந்தையோடு தாயையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

பத்தியம் என்ற பெயரில் தண்ணீரையும் காய்கறி, பருப்பு, முட்டை ஆகியவற்றையும் குறைக்காதீர்கள். உதிரம் இழந்து, பால் சுரக்கும் உடலுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் உணவும் நீரும் தேவை. தீட்டு நாட்கள் முடியவில்லை என்பதற்காக மருத்துவமனை செல்வதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தாய் இடைவிடாது அழுதாலோ, குழந்தையிடம் ஒட்டுதலின்றி இருந்தாலோ, இரு வாரங்களுக்கு மேல் மனச்சோர்வு நீடித்தாலோ, அது அவரது குணக்குறை அன்று. சிகிச்சையால் குணமாகும் நோய். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை அவர் வெளிப்படுத்தினால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416.

பெண் சொல்வதைக் கேளுங்கள்

செல்வம் மிகுந்த நாடுகளும் இவ்வேறுபாட்டிலிருந்து விடுபடவில்லை. அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டு ஒரு லட்சம் பிறப்புகளுக்குக் கறுப்பினத் தாய்மார்களின் உயிரிழப்பு 69.9; வெள்ளையினத் தாய்மார்களின் உயிரிழப்பு 26.6. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ், 2017இல் மகளைப் பெற்றெடுத்த மறுநாள் தமக்கு மூச்சுத் திணறுவதைக் கூறியும் முதலில் அது பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை என்று பின்னர் எழுதினார். அவர் வற்புறுத்திச் செய்யவைத்த பரிசோதனையில் நுரையீரலில் இரத்தக்கட்டிகள் கண்டறியப்பட்டன.

உலகப் புகழ் பெற்ற ஒருவரே வற்புறுத்த வேண்டியிருந்தது. அப்படியாயின், எழுதப் படிக்கத் தெரியாத, மருத்துவரிடம் பேசத் தயங்கும் ஒரு கூலித் தொழிலாளியின் குரல் எவ்வளவு எளிதில் கேட்கப்படாமல் போகும்! எனவே அவரோடு செல்பவர் அவருக்காகப் பேச வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது பெண் துணை ஒருவர் உடனிருக்க அனுமதி உண்டு; அதனைக் கேட்டுப் பெறுங்கள். ‘அவர் ஏதோ சரியில்லை என்கிறார், இரத்த அழுத்தத்தையும் உதிரப்போக்கையும் ஒருமுறை பாருங்கள்’ என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள். மரியாதையான சிகிச்சை ஒவ்வொரு பெண்ணின் உரிமை.

பணத்தைக் காரணமாக்கித் தயங்க வேண்டாம்

• அரசு மருத்துவமனைகளில் பிரசவம், அறுவைப் பிரசவம், மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு ஆகியவை இலவசம். வீடு திரும்பத் தாய்–சேய் ஊர்தியும் இலவசமாகக் கிடைக்கும்.

• டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் தொடங்கப்பட்டது. தகுதியுள்ள ஏழைப் பெண்களுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட ரூ.18,000 மதிப்பிலான உதவி தவணைகளாக வழங்கப்படுகிறது. கூலி இழப்பை ஈடுசெய்து, ஓய்வும் உணவும் கிடைக்கச் செய்வதே இதன் நோக்கம். இத்தொகையைக் கர்ப்பிணியின் உணவுக்கே செலவிடுங்கள். தகுதியையும் தவணைகளையும் செவிலியரிடம் கேட்டு உறுதிசெய்து கொள்ளுங்கள்.

• சந்தேகங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

இன்றே கேட்டுக்கொள்ள வேண்டிய ஐந்து கேள்விகள்

உயிரிழப்புக்குப் பின் செவிலியர் கேட்கும் கேள்விகளை, உயிருடன் இருக்கும்போதே குடும்பம் தன்னைத்தானே கேட்டுக்கொள்வதே சிறந்த பாதுகாப்பு. கருவுற்ற பெண்ணையும் அருகில் அமர்த்தி, இன்று மாலையே இவற்றுக்கு விடை காணுங்கள்:

1. அவரது ஹீமோகுளோபின் அளவும் இரத்த அழுத்தமும் கடைசிப் பரிசோதனையில் எவ்வளவு?
2. நேற்று மாத்திரை உட்கொண்டாரா? இல்லையெனில் ஏன்?
3. இன்றிரவு உதிரம் போனால் எந்த மருத்துவமனை? உடன் செல்பவர் யார்?
4. அவரது இரத்த வகை என்ன? இரத்தம் கொடுப்பவர் யார்?
5. நம்மிடம் சொல்லத் தயங்கும் தொந்தரவு ஏதேனும் அவருக்கு உண்டா?

ஐந்தாம் கேள்விக்கு விடை வரச் சற்று நேரமாகலாம். பொறுமையுடன் காத்திருந்து கேளுங்கள். விடை தெரியாத கேள்வி எதுவாயினும், அடுத்த செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையத்தில் அதனையே முதலில் கேளுங்கள்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொதுவான விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் இவை மாற்று ஆகா.